45 நிமிடத்தில் 46 கோடி டாலர்!
எட்டாவது எந்திரத்தை மறந்ததால் வந்த வினை

2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந்தேதி. புதன்கிழமை.

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் பங்கு மார்க்கெட் காலை 9.30 மணிக்குத் திறந்தது.

திறந்ததும் ஒரு கம்பெனி பங்குகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. இன்னொரு பக்கம் பங்குகளை விற்றுத் தள்ளவும் தொடங்கியது. ஒரு பங்கு, இரண்டு பங்கு அல்ல. லட்சக்கணக்கில்!

யார் வாங்கச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. யார் விற்கச் சொன்னது? அதையும் யாரும் சொல்லவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாக வாங்கியது. தானாக விற்றது.

அந்தக் கம்பெனியின் பெயர் நைட் கேப்பிடல். சிறிய கம்பெனி அல்ல. அப்போது அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டில் நடந்த மொத்த வியாபாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவர்கள் கை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஊழியர்கள் ஓடினார்கள். திரையைப் பார்த்தார்கள். எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எதை நிறுத்துவது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒருவழியாக நிறுத்தியபோது 45 நிமிடம் ஆகிவிட்டது.

அந்த 45 நிமிடத்தில் நடந்தது என்ன?

வாடிக்கைக்காரர்கள் கொடுத்திருந்த சின்னச் சின்ன ஆர்டர்கள் 212. அவற்றுக்காகக் கம்ப்யூட்டர் செய்து முடித்த வியாபாரம் 40 லட்சம்! கை மாறிய பங்குகள் 39 கோடியே 70 லட்சம். 154 கம்பெனிகளின் பங்குகள் அதில் அடக்கம். வேண்டாத பங்குகள் 350 கோடி டாலர் மதிப்புக்குக் கையில் வந்து சேர்ந்துவிட்டன. கையில் இல்லாத பங்குகளை 315 கோடி டாலருக்கு விற்றும் இருந்தார்கள்.

இவ்வளவையும் அவிழ்த்து நேர் செய்தபோது, நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று தெரிந்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 2,500 கோடி ரூபாய். நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர் போயிருக்கிறது!

திருடன் வரவில்லை. எந்திரம் பழுதாகவில்லை. பிறகு எப்படி நடந்தது?

எட்டு எந்திரங்களில் ஏழுக்குப் புதிய பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டாவதை மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

<b>சர்வர் என்பவர் யார்?</b>

சர்வர் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர், தோளில் துண்டோடு வந்து, "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்கிற ஓட்டல் சர்வர்தான்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் சர்வர் உண்டு. அதுவும் பரிமாறுகிற வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் செல்போனில் ரெயில் டிக்கெட் கேட்கிறீர்கள். எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்தக் கேள்வியை வாங்கி, பதிலை அனுப்புகிறது. பாங்கியில் எவ்வளவு இருப்பு என்று கேட்டால் இன்னொரு கம்ப்யூட்டர் சொல்கிறது. இப்படி, கேட்டதைக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் சர்வர் என்று பெயர்.

கூட்டம் அதிகம் இல்லாத ஓட்டலுக்கு ஒரு சர்வர் போதும். பெரிய ஓட்டலுக்கு எட்டுப் பேர் வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படியே. பெரிய கம்பெனிகளில் ஒரே வேலையை எட்டு எந்திரம், எண்பது எந்திரம், எண்ணாயிரம் எந்திரம் சேர்ந்து செய்யும். எட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். எந்த சர்வர் வந்தாலும் வாடிக்கைக்காரருக்குக் கிடைக்கும் இட்லி ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

<b>மணி அடித்தால் தோசை!</b>

நைட் கேப்பிடலில் நடந்ததை ஓட்டல் கதையாகவே சொல்லலாம்.

ஓர் ஓட்டலில் எட்டு சர்வர்கள். முன்னொரு காலத்தில் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. கல்லாவில் இருப்பவர் மணியைத் தட்டினால், "இலையில் தோசை வை, வைத்துக்கொண்டே இரு. கணக்கப்பிள்ளை போதும் என்றால் நிறுத்து" என்று அர்த்தம்.

அந்தப் பழக்கம் 2003-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால், "இனி மணி அடித்தால் தோசை வைக்காதே" என்று சர்வர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மணிதான் அடிப்பதே இல்லையே! எதற்காகச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2005-ம் ஆண்டில், "போதும்" என்று சொல்கிற கணக்கப்பிள்ளையை அந்த இடத்தில் இருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைத்தார்கள். பழைய தோசை வேலைக்கு இனி அவர் குரல் கேட்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

2012-ம் ஆண்டு வந்தது. நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் ஆகஸ்டு 1-ந்தேதி முதல் புதிய திட்டம் ஒன்று அமலுக்கு வருவதாக இருந்தது. அதற்காக ஓட்டலில் புதிய பழக்கம் வேண்டும். புதிய பழக்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். புது மணி வாங்குவானேன், பழைய மணிதான் சும்மா கிடக்கிறதே என்று அதையே எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 27-ந்தேதி முதல் ஒவ்வொரு சர்வருக்காகப் புதிய பாடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஏழு பேருக்குச் சொல்லி ஆயிற்று. எட்டாமவர் விட்டுப் போனார். சரியாகச் சொன்னோமா என்று இன்னொருவர் வந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதியும் இல்லை.

ஆகஸ்டு 1. காலை 9.30. மணி அடித்தது.

ஏழு பேர் புதிய வேலையைச் செய்தார்கள். எட்டாமவர் தோசை கொண்டுவந்தார். இன்னொன்று கொண்டுவந்தார். இன்னொன்று. இன்னொன்று. இலை நிறைந்தது. மேசை நிறைந்தது. கூடம் நிறைந்தது. "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை!

தோசைக்குப் பதிலாகப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று பார்த்தது போல் விஷயம் விளங்கிவிடும். எட்டாவது கம்ப்யூட்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரலுக்கு "பவர் பெக்" என்று பெயர். ஒன்பது ஆண்டுகள் தூங்கியது அன்று விழித்துக்கொண்டது.

<b>97 கடிதங்கள்</b>

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது.

மார்க்கெட் திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, காலை 8.01 மணிக்கே, கம்ப்யூட்டர் முனகத் தொடங்கிவிட்டது. ஏதோ கோளாறு என்று ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அதில் "பவர் பெக்" என்ற பெயரே இருந்தது. ஒன்று, இரண்டு அல்ல. 9.30 மணிக்குள் 97 கடிதங்கள்!

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எச்சரிக்கைக்காக ஏற்பட்ட கடிதம் அல்ல. தினமும் வந்து குவியும் கடிதங்களில் ஒன்று. வீட்டு வாசலில் நாய் இரவு முழுவதும் காரணம் இல்லாமல் குரைத்துப் பழகிவிட்டால், திருடன் வரும் அன்று குரைப்பதை யார் எழுந்து பார்ப்பார்கள்?

அதற்கும் மேலே ஒரு தவறு நடந்தது. கூடம் முழுவதும் தோசை குவிவதைப் பார்த்துப் பதறியவர்கள், "புதிய பாடத்தால்தான் இந்த வினை" என்று நினைத்தார்கள். சரியாகப் படித்திருந்த ஏழு சர்வர்களிடமும் போய், "புதிய பாடத்தை மறந்துவிடு" என்றார்கள். ஆனால் மணி அடிப்பதை நிறுத்தவில்லை. விளைவு? அந்த ஏழு பேரும் தோசை கொண்டுவரத் தொடங்கினார்கள்!

இரண்டே நாளில் நைட் கேப்பிடல் பங்கின் விலை நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. கம்பெனி மூழ்கும் நிலை. வேறு சில கம்பெனிகள் சேர்ந்து 40 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டன. அதற்குப் பதிலாகக் கம்பெனியின் பெரும் பங்கு அவர்கள் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு நைட் கேப்பிடல், கெட்கோ என்ற கம்பெனியோடு இணைக்கப்பட்டது. 2013-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசின் பங்கு மார்க்கெட் ஆணையம் விசாரணையை முடித்து, 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. நாம் மேலே சொன்ன கணக்குகளில் பெரும்பாலானவை அந்த ஆணையத்தின் உத்தரவில் உள்ளவைதான்.

<b>ஊழியர் மேல் பழி போடலாமா?</b>

எட்டாவது எந்திரத்தை விட்டுவிட்ட ஊழியர் யார் என்று ஆணையம் பெயர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லதுதான்.

ஓர் எந்திரத்தில் புதிய நிரலை ஏற்றுவது என்றால் ஒரே ஒரு வேலை அல்ல. கோப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பழையதை எடுக்க வேண்டும். செட்டிங்குகளை மாற்ற வேண்டும். நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எந்திரத்துக்கு 20 படி என்று வைத்துக்கொண்டால் எட்டுக்கு 160 படி. கையால் தட்டுகிறவர் மனிதர். பசிக்கும். தூக்கம் வரும். நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். 160-ல் ஒரு படி தவறினால் அது அதிசயமா?

கல்யாண வீட்டில் ஆயிரம் பத்திரிகைக்கு விலாசம் எழுதுகிறவர் ஒரு வீட்டை விட்டுவிடுகிறார். அந்த வீட்டுக்காரர்தான் தாய்மாமனாக இருப்பார்! யாராக இருந்தாலும் பட்டியலைப் பார்த்து ஒருமுறை டிக் அடிக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர்காரர்களும் இதைத்தான் யோசித்தார்கள். எந்திரங்களுக்குப் பாடம் சொல்லும் வேலையையும் எந்திரத்திடமே கொடுத்தால் என்ன?

<b>ஆஸ்லோ நகரத்து விஞ்ஞானி</b>

நைட் கேப்பிடல் கவிழ்ந்ததற்கு 19 ஆண்டுகள் முன்பே ஒருவர் இதைச் செய்துவிட்டார்.

அவர் பெயர் மார்க் பர்ஜெஸ். இங்கிலாந்துக்காரர். பௌதிக விஞ்ஞானி. 1993-ம் ஆண்டில் நார்வே நாட்டில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் பல சாதி. ஒன்றுக்குச் சொன்ன கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மல்லுக்கட்டி அவருக்கு அலுத்துப் போயிற்று. "சிஎஃப் எஞ்சின்" என்ற கருவியை எழுதினார்.

அவருக்கு முன்பும் கட்டளைகளை எழுதிவைத்து வரிசையாக ஓடவிடும் வழக்கம் இருந்தது. பர்ஜெஸ் செய்தது வேறு. "இதைச் செய், அதைச் செய்" என்று சொல்லாமல், "எந்திரம் இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதச் சொன்னார்.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். ஒன்று அல்ல.

வீட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வேலையாளிடம், "நாலு குடம் தண்ணீர் ஊற்று" என்கிறீர்கள். ஊற்றிவிடுகிறார். சொன்னது மறந்து மறுபடியும் சொல்கிறீர்கள். மறுபடியும் ஊற்றுகிறார். மூன்றாம் முறை சொன்னால் தண்ணீர் தெருவுக்கு ஓடும்.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்." வேலையாள் போய் எட்டிப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஊற்றுவார். நிறைந்திருந்தால் சும்மா வந்துவிடுவார். நூறு முறை சொன்னாலும் தொட்டி வழியாது.

பர்ஜெஸின் கருவி குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எந்திரத்திலும் விழித்துக்கொள்ளும். எழுதிவைத்த குறிப்பையும் எந்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் சரி செய்யும். இல்லாவிட்டால் தூங்கிவிடும். யாராவது தெரியாமல் ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தாலும், அடுத்த சுற்றில் அது பழைய நிலைக்கு வந்துவிடும். காயம் பட்ட உடம்பு தானே ஆறுவது போல!

எட்டு எந்திரங்களும் அந்தக் குறிப்புக்குக் கட்டுப்பட்டிருந்தால், எட்டாவது மட்டும் பழைய பாடத்தோடு நாள்கணக்கில் நின்றிருக்க முடியாது.

<b>சமையல் குறிப்பு!</b>

பர்ஜெஸுக்குப் பிறகு பலர் வந்தார்கள். அமெரிக்காவில் லூக் கேனீஸ் என்பவர் 2005-ம் ஆண்டில் "பப்பெட்" என்ற கருவியை வெளியிட்டார். பப்பெட் என்றால் பொம்மலாட்டப் பொம்மை. கயிறு ஓர் இடத்தில், பொம்மைகள் பல இடத்தில்.

2009-ம் ஆண்டில் "செஃப்" வந்தது. செஃப் என்றால் தலைமைச் சமையல்காரர். இந்தக் கருவியில் எழுதும் கட்டளைக்குப் பெயர் சமையல் குறிப்பு. குறிப்புகளின் தொகுப்புக்குப் பெயர் சமையல் புத்தகம். அதை ஏவும் கருவிக்குப் பெயர் கத்தி! கம்ப்யூட்டர்காரர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

பெயர் விளையாட்டாக இருந்தாலும் பொருத்தம்தான். பாட்டி கைப்பக்குவம் பாட்டியோடு போய்விடும். குறிப்பாக எழுதிவைத்தால் பேத்தியும் அதே குழம்பை வைக்கலாம். பல ஆபீசுகளில் ஒருவருக்கு மட்டுமே பக்குவம் தெரிந்த கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். கிராமத்தில் பழைய பம்புசெட் ஒன்று இருக்கும். அதை எந்த இடத்தில் தட்டினால் ஓடும் என்று ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மகள் வீட்டுக்குப் போன வாரத்தில் பயிர் வாடும். அந்த மாதிரிதான்.

2012-ம் ஆண்டில், நைட் கேப்பிடல் கவிழ்ந்த அதே ஆண்டில், மைக்கேல் டிஹான் என்பவர் "அன்சிபிள்" என்ற கருவியை வெளியிட்டார். உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1966-ம் ஆண்டு எழுதிய நாவலில் வரும் பெயர் அது. எத்தனை கோடி மைலுக்கு அப்பால் உள்ள உலகத்தோடும் அந்த நொடியே பேசும் கற்பனைக் கருவி. அந்தப் பெயரை இவர் எடுத்துக்கொண்டார்.

அன்சிபிளின் வழி எளிமையானது. இரண்டு தாள் போதும். ஒரு தாளில் எந்திரங்களின் பட்டியல். இன்னொரு தாளில், அவை எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு. ஏவிவிட்டால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எந்திரத்துக்கும் போய் வேலையைச் செய்யும். எந்த எந்திரத்தில் எல்லாம் ஏற்கனவே சரியாக இருந்தது, எதில் மாற்ற வேண்டியிருந்தது, எதில் வேலை தோற்றது என்று கணக்குக் கொடுக்கும். சரி என்றால் பச்சை. மாற்றினால் மஞ்சள். தோற்றால் சிவப்பு. உடனே இரண்டாம் முறை ஏவிப் பார்க்கலாம். "மாற்றியது 0" என்று எல்லா எந்திரத்துக்கும் நேராக வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

பட்டியலில் எட்டு பெயர் இருந்தால் கணக்கிலும் எட்டு வரி இருக்கும். ஆனால் ஒன்று. பட்டியலிலேயே ஏழு பெயர்தான் எழுதியிருக்கிறது என்றால் அன்சிபிள் என்ன செய்யும்? ஏழுக்குப் போய்விட்டு, எல்லாம் பச்சை என்றுதான் சொல்லும். பட்டியல் சரிதானா என்று பார்ப்பது இன்னும் மனிதர் வேலைதான்.

<b>ஒத்திகையும் மேடையும்</b>

எல்லா எந்திரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றோம். ஆனால் முழுக்க ஒரே மாதிரி இருக்கவும் கூடாது!

நாடகக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையிலும் அதே நடிகர், மேடையிலும் அதே நடிகர். வசனம் அதே வசனம். ஆனால் ஒத்திகைக்கு அட்டைக் கத்தி. மேடைக்குப் பளபளக்கும் கத்தி.

கம்ப்யூட்டரிலும் ஒத்திகை எந்திரம் உண்டு, மேடை எந்திரம் உண்டு. புதிய நிரலை முதலில் ஒத்திகை எந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே இருப்பது பொய்க் கணக்கு, பொய்ப் பணம். சரியாக ஓடினால் மேடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நிஜ வாடிக்கைக்காரர், நிஜப் பணம். நிரல் ஒன்றுதான். நீ இருக்கும் இடம் ஒத்திகையா, மேடையா, கணக்குப் புத்தகம் எந்த விலாசத்தில் இருக்கிறது, பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் எது என்ற குறிப்புகள்தான் வேறு. இதைத்தான் "சூழல் செட்டிங்" என்கிறார்கள். நிரலுக்குள்ளே இதை எழுதாமல், வெளியில் இருந்து கொடுப்பார்கள்.

இடம் மாறினால் என்ன ஆகும்? 2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி நடந்ததைக் கேளுங்கள்.

உலகம் முழுவதும் உள்ள நிரல் எழுத்தாளர்கள் தங்கள் நிரல்களைப் பத்திரமாக வைக்கும் இடம் கிட்லேப். அங்கே அசல் தகவல் ஒரு கம்ப்யூட்டரில், அதன் நகல் இன்னொரு கம்ப்யூட்டரில். இரவு நேரம். நகல் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகல் எடுக்கலாம் என்று ஓர் எஞ்சினீயர் அழிக்கும் கட்டளையைத் தட்டினார்.

தட்டிய பிறகுதான் பார்த்தார். அவர் இருந்தது அசலில்!

இரண்டு நொடிக்குள் நிறுத்திவிட்டார். 300 கிகாபைட் தகவல் போய், மிஞ்சியது நாலரை.

போகட்டும், காப்புப் பிரதி இருக்குமே என்று தேடினார்கள். காப்பு எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினமும் காப்பு எடுக்க வேண்டிய நிரல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. காரணம்? தகவல் இருந்த கிடங்கு 9.6 என்ற பதிப்பு. காப்பு எடுக்கப்போன நிரல் 9.2 என்ற பழைய பதிப்பு. ஓர் எந்திரத்தில் இருந்த பதிப்பு இன்னோர் எந்திரத்தில் இல்லை. தோற்ற செய்தியைச் சொல்லும் மின்னஞ்சலும் செட்டிங் கோளாறால் போய்ச் சேரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? அந்த எஞ்சினீயரே ஆறு மணி நேரம் முன்பு, ஒத்திகை எந்திரத்தில் வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்து வைத்த பிரதி. அதில் இருந்து திரும்ப ஏற்றினார்கள். இடையில் ஆறு மணி நேரத் தகவல் போயே போய்விட்டது.

கிட்லேப் இதை மூடி மறைக்கவில்லை. எந்திரத்தை மீட்கும் வேலையை உலகம் பார்க்க இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். எது எந்த எந்திரம் என்று திரையில் பார்த்ததும் தெரியும்படி அடையாளத்தை மாற்றுவது என்றும் முடிவு செய்தார்கள். சின்ன விஷயம்தான். குடிதண்ணீர்ப் பானைக்கும் கழுநீர்ப் பானைக்கும் வேறு வேறு மூடி போடுவது போல.

சூழல் செட்டிங்கில் இன்னோர் அபாயமும் உண்டு. கடவுச்சொல்லைக் குறிப்போடு சேர்த்து எழுதிவிடுவது. வீட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டிவைப்பது மாதிரி. 2016-ம் ஆண்டில் ஊபர் வாடகைக் கார் கம்பெனியில் அப்படி எழுதி வைத்திருந்த சாவி திருடர் கையில் சிக்கியது. 5 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் வெளியே போயின. இப்போது விவரம் தெரிந்தவர்கள் கடவுச்சொற்களைத் தனிப் பெட்டகத்தில் பூட்டிவைத்து, வேலை நேரத்தில் மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

<b>தப்பும் வேகமாகப் போகும்</b>

இவ்வளவும் படித்த பிறகு, எல்லாவற்றையும் எந்திரத்திடம் விட்டுவிட்டால் கவலை இல்லை என்று தோன்றும். அப்படி விட்டுவிட முடியாது.

கையால் செய்கிறவர் ஒரு தப்புச் செய்தால் அது ஓர் எந்திரத்தோடு நிற்கும். எந்திரத்திடம் கொடுத்த குறிப்பிலேயே தப்பு இருந்தால்? நொடியில் எல்லா எந்திரத்துக்கும் போய்விடும்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புதிய நிரலை முதலில் ஒரே ஓர் எந்திரத்தில் ஏற்றுவார்கள். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் பத்து எந்திரம். அப்புறம் நூறு. அப்புறம் எல்லாம். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் விஷக் காற்று இருக்கிறதா என்று அறிய, தொழிலாளர்கள் கானரி என்ற சிறு பறவையைக் கூண்டில் கொண்டுபோவார்கள். பறவை சுருண்டால் மனிதர்கள் ஓடிவிடுவார்கள். 1986-ம் ஆண்டு வரை அந்த வழக்கம் இருந்தது. அதன் நினைவாக முதல் எந்திரத்துக்கும் கானரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது இதைவிட நல்ல உதாரணம். அதில் பறவை சாவதில்லை!

கானரி இல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந்தேதி பார்த்தது.

கிரௌட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர்களுக்குக் காவல் நிரல் விற்கிறது. அன்று நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு புதிய கோப்பை எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. அதை வாங்கிப் படிக்கும் நிரல் 20 விவரங்களைத்தான் கொடுக்கும். வந்த கோப்போ 21-வது விவரத்தைக் கேட்டது. இல்லாத இடத்தில் தேடப்போய்க் கம்ப்யூட்டர் நிலைகுலைந்தது. திரை நீலமாயிற்று. திரும்ப ஓட்டினால் திரும்பவும் நீலம்.

78 நிமிடத்தில் தப்பைக் கண்டு கோப்பைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாப்ட் கம்பெனி கணக்குச் சொன்னது. பல நாடுகளில் விமானங்கள் ரத்து. ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் தள்ளிவைப்பு. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ் படங்கள் அன்று எல்லோர் செல்போனிலும் சுற்றி வந்தன.

அனுப்பியது எந்திரம். ஆனால் திரும்பச் சரி செய்ய எந்திரத்தால் முடியவில்லை. விழுந்த கம்ப்யூட்டர், வெளியில் இருந்து வரும் கட்டளையைக் கேட்கும் நிலையில் இல்லையே! பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்பும் போய் உட்கார்ந்தார்கள். பாதுகாப்பு முறையில் அதை ஓட்டினார்கள். அந்த ஒரு கோப்பைக் கையால் தேடி அழித்தார்கள். அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனார்கள். சிலவற்றை 15 முறை வரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கும்படியும் மைக்ரோசாப்ட் யோசனை சொன்னது.

பத்து நாள் கழித்து, ஜூலை 29-ந்தேதி, நூற்றுக்கு 99 கம்ப்யூட்டர்கள் எழுந்துவிட்டன என்று கிரௌட்ஸ்டிரைக் அறிவித்தது. இனி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது இல்லை, படிப்படியாகத்தான் அனுப்புவோம் என்றும் சொன்னது.